நிற்கிற வண்டிதான் தேயும்

(புனேயின் மகர்பட்டாவில் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தாலிய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்த நண்பர்கள், "விலையைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ஒப்புக்கொண்டேன். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. ஷோரூமில் ஆன்-ரோடு விலையைக் கேட்டுவிட்டு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று திரும்பி வந்தவர்களும் இங்கே இருப்பார்கள். என் பேச்சு, வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்த வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மகர்பட்டாவில் ஏதாவது ஓர் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிப் பாருங்கள். தூணோரமாக உறை போர்த்தி, உறைமேல் தூசி படிந்து, ஒரு வண்டி நிற்கும். சொந்தக்காரரைக் கேட்டால், "வாங்கி ஆறு வருஷம் ஆச்சு சார், ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி வெச்சிருக்கேன்" என்பார், பெருமையாக. அந்தப் பெருமையைக் கொஞ்சம் குலைப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. இத்தாலிய வண்டி என்றதும் கப்பலேறி வந்த சீமைச் சரக்கு என்று நினைக்கிறோம். புனேயைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரிப்படாது. இந்த ஊரின் பஜாஜ் ஆட்டோ, இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் பெற்று வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்தது 1960களில். அந்த உரிமம் 1971இல் முடிந்ததும், 1972இல் சேத்தக் வந்தது. அதே 1972இல் கைனடிக் கொண்டுவந்த லூனா மொபெட்டும் பியாஜியோவின் 'சாவ்' என்ற வண்டியின் வழியில் பிறந்ததுதான். பிறகு பியாஜியோவே நேரடியாக பாராமதிக்கு வந்தது. முதலில் ஆபே சரக்கு ஆட்டோக்கள்; 2012இல் வெஸ்பா. இங்கிருந்து சோலாப்பூர் சாலையைப் பிடித்தால் அந்த பாராமதி ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

அந்தக் கரும்புச் சீமையில்தான் இன்றைக்கு ஏப்ரிலியா ஆர்எஸ் 457 தயாராகிறது. வெனிஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள நொவாலே என்ற சிற்றூர் ஏப்ரிலியாவின் பிறந்த வீடு. 2004இல் அது பியாஜியோ குடும்பத்துக்குள் வந்தது. மாக்ஸ் பியாஜி 2010, 2012 ஆண்டுகளில் சூப்பர்பைக் உலகப் பட்டம் வென்றது இவர்களுடைய ஆர்எஸ்வி4 வண்டியில். அந்தச் சாயலில் வரைந்த 457, 2023 டிசம்பரில் 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் ஷோரூம் விலைக்கு இங்கே விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பாராமதியிலிருந்தே போகிறது.

இந்த வண்டியில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. சக்தி 35 கிலோவாட், அதாவது 47.6 குதிரைத்திறன். பெட்ரோல் நிரப்பிய எடை 175 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள்: சரியாக 0.2 வரும். ஐரோப்பாவில் இளம் ஓட்டுநர்களுக்கு ஏ2 என்று ஓர் உரிமம் உண்டு. அதை வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேல் ஓட்டக் கூடாது, கிலோவுக்கு 0.2 கிலோவாட்டையும் தாண்டக் கூடாது. இரண்டு வேலிகளையும் தொட்டுக்கொண்டு, ஒன்றையும் தாண்டாமல் நிற்கிறது இந்த வண்டி. ஐரோப்பியப் போக்குவரத்துச் சட்டம் எழுதிய அளவில் பாராமதியில் வார்த்த வண்டியில், ஹடப்சர் காடிதள் டிராபிக்கில் நிற்கிறோம்.

இன்னும் ஒன்று. பிரேக் பைபிரே. பிரெம்போ நிறுவனம் சிறிய, நடுத்தர பைக்குகளுக்காக வைத்திருக்கும் பெயர் அது, புனேயிலேயே தயாராகிறது. இங்கே விற்கும் 457இன் டயர் டிவிஎஸ் யூரோகிரிப், நம் மதுரை கம்பெனி. ஆக, இத்தாலிய பைக் வைத்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர், தரையைத் தொடுகிற இடத்தில் மதுரைக்காரர்தான்.

இதையெல்லாம் சொல்வது ஊர்ப் பெருமைக்காக மட்டும் இல்லை. பராமரிப்பு என்பதில் பாதி உதிரிபாகம்; அது கிடைப்பது, வண்டியை விற்கிற நிறுவனம் நிலைத்து நிற்பதைப் பொறுத்தது. உதாரணம் சொல்கிறேன். இத்தாலியின் பெசாரோ நகரில் 1911இல், கணவரை இழந்த தெரேசா பெனெல்லி என்ற தாய் தன் ஆறு மகன்களுக்காகத் தொடங்கியது பெனெல்லி கம்பெனி. 2005இல் அது சீனாவின் சியான்ஜியாங் குழுமத்துக்குக் கைமாறியது. 2015இல் புனேயின் டிஎஸ்கே மோட்டோவீல்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 2018இல் விநியோகம் ஐதராபாதின் மகாவீர் குழுமத்துக்குப் போனது. கைனடிக் குழுமம் 2016இல் எம்.வி. அகுஸ்டா என்ற இன்னோர் இத்தாலிய வண்டியைக் கொண்டுவந்தது, அந்த வழியும் நிலைக்கவில்லை. வண்டி நல்ல வண்டி. கடை மாறினால் ஒரு கிளட்ச் கேபிளுக்கும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனவே வாங்குமுன் குதிரைத்திறனைக் கேட்கிற அதே வாயால், பிரேக் பேடும் ஆயில் பில்டரும் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இனி, இத்தாலிய வண்டி என்றாலே 'அடிக்கடி படுத்துவிடும்' என்கிற கெட்ட பெயருக்கு வருவோம். அந்தப் பெயரில் பெரும்பங்கு டுகாட்டியின் பழைய எஞ்சின்களால் வந்தது. மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது அந்தக் காலத்து ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. வால்வு மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர், மூடுவதற்கும் ஒரு தனிக் கேம், ஒரு தனி நெம்புகோல் வைத்தார். 1956இல் டுகாட்டியின் 125 சிசி பந்தய வண்டியில் வந்த அந்த ஏற்பாட்டுக்கு டெஸ்மோ என்று பெயர். வேலை பிரமாதம். ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். நூலிழை அளவே கனத்தில் வேறுபடும் ஷிம் துண்டுகளை மாற்ற வேண்டும். மெக்கானிக்கின் நேரம்தான் அங்கே செலவு. டுகாட்டியின் பனிகாலே வி4 எஞ்சினுக்கு இந்த வேலை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. 2020இல் மல்டிஸ்ட்ராடா வி4 வந்தபோது டுகாட்டியே அந்த எஞ்சினில் டெஸ்மோவை விட்டு ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. சோதனை இடைவெளி 60,000 கிலோமீட்டருக்குப் போய்விட்டது.

சரி, வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற நமக்கு 24,000 என்றைக்கு வரும்? பதினாறு வருஷம். அதனால் கவலையே இல்லை என்று நினைப்பவர்கள் சர்வீஸ் புத்தகத்தின் அடுத்த வரியைப் படிப்பதில்லை. பழைய டுகாட்டி இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் கேமைச் சுழற்றுவது ரப்பர் பெல்ட். அதை மாற்ற கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருஷக் கணக்கு ஒன்று. பழைய மாடல்களில் இரண்டு ஆண்டு, பிறகு வந்தவற்றில் ஐந்து ஆண்டு. எது முந்துகிறதோ அதுவே கெடு. ஒரே வளைவில் மடங்கி நிற்கிற ரப்பர் நின்றபடியே முதுமை அடையும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எஞ்சினையே பிரித்துக் கட்ட வேண்டிவரும். இன்றைய பனிகாலேயிலும் 457இலும் பெல்ட் கிடையாது. ஆனால் நாள்காட்டி பார்த்துக் கெடுகிற பொருள்கள் எல்லா வண்டியிலும் உண்டு. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் இம்மொபிலைசர், கடிகாரம், கணினிப் பெட்டி எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதற்காக நம்மவர்கள் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள்: ஞாயிறுதோறும் பேஸ்மென்ட்டுக்குப் போய், ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து, இரண்டு முறை உறும வைத்து, அணைத்துவிட்டு வருவது. மேல்மாடியில் குழந்தை விழித்து அழுவதைத் தவிர இதனால் ஒரு பலனும் இல்லை. ஸ்டார்ட்டர் தின்ற மின்சாரம் ஐடிலிங்கில் திரும்பாது. சூடேறாத எஞ்சினில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஓட்ட முடியாதென்றால் ஸ்டார்ட் செய்யாமல், ஒரு டிரிக்கிள் சார்ஜரை மாட்டிவிடுங்கள். உங்கள் வண்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால் அதற்கென்று உள்ள சார்ஜரையே வாங்க வேண்டும்.

இரண்டு பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பாராமதி பக்கத்துக் கரும்பாலைகளுக்கு அதனால் நல்ல காலம். நிற்கிற வண்டிக்கு அவ்வளவு நல்லதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும். பியூயல் பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். அமெரிக்காவில் சில டுகாட்டி மான்ஸ்டர்களின் பிளாஸ்டிக் டேங்க் எத்தனாலால் உப்பிப் போய் வழக்கு வரைக்கும் போனது. 457 போன்ற புதிய வண்டிகள் இந்தப் பெட்ரோலைத் தாங்கும்படிதான் வருகின்றன. என்றாலும் மழைக்காலம் முழுக்க நிறுத்துவதாக இருந்தால் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

மூன்று பிரேக் ஆயில். இதுவும் ஈரம் குடிக்கிற பொருள். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்சம் 155. வித்தியாசத்தைக் கவனியுங்கள். பசர்ணி மலைப்பாதையில் பாஞ்ச்கணியிலிருந்து வாய் ஊருக்கு இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து, ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால், லீவர் கைப்பிடிவரை வரும், வண்டி நிற்காது. ஹேண்டில்பாரில் உள்ள சிறு கிண்ணத்தைப் பாருங்கள். தேன்நிறம் என்றால் சரி. டிக்காஷன் நிறம் என்றால் மாற்றுங்கள். நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நான்கு டயர். பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் பிறந்த டயர். பட்டன் தேயவே இல்லை என்று அதன் சொந்தக்காரர் மகிழ்வார். ரப்பர் இறுகியிருக்கும், நகத்தால் அழுத்தினால் இறங்காது. ஐந்து வருஷம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நான் வளைவில் நம்பமாட்டேன்.

இனி நீங்களே கையால் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்கிறேன். செயின். வண்டியைப் பின்சக்கர ஸ்டாண்டில் ஏற்றுங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் உண்டு. விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போக ஒரு நொடி போதும். சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. உள்ளே அடைத்த கிரீஸ் வெளியே வராமல் காப்பவை அவைதான். ஆகவே பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். வளையம் கெட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. கிடைத்தால் மண்ணெண்ணெய், இல்லையென்றால் செயின் கிளீனர், மெல்லிய பிரஷ். துடைத்துக் காயவைத்து, உட்புறமாக லூப் அடித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அடித்த கையோடு ஓட்டினால் பாதி லூப் பின்சக்கரத்தில் தெறித்திருக்கும்.

தொய்வைப் பார்ப்பது அடுத்தது. ஓரிடத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீளாது. சக்கரத்தை உருட்டி உருட்டி, மிக இறுக்கமாக இருக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே அளந்து, கையேடு சொல்கிற அளவுக்கு வையுங்கள். தொய்வாக இருந்தால் சத்தம் வரும், எல்லோருக்கும் தெரியும். இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது. கியர்பாக்ஸின் பேரிங்கைத் தின்றுகொண்டிருக்கும். இரண்டு பக்கத்து அளவுக் கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வால்வு, கணினிக் கோளாறு, ஃபோர்க் சீல் ஆகியவை சர்வீஸ் சென்டர் வேலை. செயின், காற்று, ஆயில் மட்டம், பிரேக் பேட் ஆகிய நான்கும் சொந்தக்காரர் வேலை. ஆயுத பூஜைக்கு முதல்நாள் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர் சொந்தக்காரரல்ல, பக்தர். வண்டிக்குப் பக்தர் போதாது.

ஓட்டுவதற்கு வருகிறேன். நான் சொல்கிற மருந்தே அதுதான். ஓடினால் பேட்டரி நிறைகிறது, ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிறது, பெட்ரோல் புதிதாகிறது, டயர் ஒரே இடத்தில் நசுங்காமல் இருக்கிறது, செயினில் துரு உட்காருவதில்லை. எங்கே ஓட்டுவது? மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, அதை மறந்துவிடுங்கள். மகர்பட்டாக்காரர்களுக்கு வாசலிலேயே திவே மலைப்பாதை இருக்கிறது. ஹடப்சரிலிருந்து சாஸ்வட் போகிற வழி. ஞானேசுவரர் பல்லக்கு பண்டரிபுரம் போகும்போது வார்க்கரி பக்தர்கள் லட்சக்கணக்கில் ஏறுகிற ஏற்றம் அது. அந்த நாட்களில் சாலையை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், போகவும் கூடாது. மற்ற நாட்களில், விடிகாலையில், இதைவிடப் பக்கத்தில் நல்ல வளைவு கிடையாது.

ஆனால் அது பந்தயத் தளமல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் எதிரே லாரி வராது. திவேயில் வரும், அதுவும் உங்கள் பக்கத்தில் வரும். டிசம்பர் காலையில் புனேயின் குளிரில் முதல் பத்து நிமிஷம் டயர் சூடேறியிருக்காது, சாய்க்காதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், பார்வையை வளைவு முடிகிற இடத்தில் வையுங்கள், வயிற்றையும் தொடையையும் டேங்கில் ஒட்டிக் கையைத் தளர்த்துங்கள். முழு எடையையும் மணிக்கட்டில் போடுகிறவர்கள்தான், "ஸ்போர்ட் பைக் உடம்புக்கு ஆகாது" என்று பத்தாவது கிலோமீட்டரில் சொல்பவர்கள்.

கொஞ்சம் நீண்ட ஓட்டம் வேண்டுமென்றால் சோலாப்பூர் சாலையில் பாட்டஸ் வரை போய், அங்கே திரும்பி பாராமதி. அரவைக் காலத்தில் அந்தப் பாதையில் கவனம் வேண்டும். அகலமாகக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், பின்விளக்கு இல்லாத மாட்டு வண்டிகள், சாலையில் உதிர்ந்து நசுங்கிய சோகை. ஈரச் சோகையின்மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் ஏபிஎஸ் தன்னால் ஆனதைச் செய்யும். மிச்சத்தை இயற்பியல் பார்த்துக்கொள்ளும். வேகம் குறைவாக இருந்தால் இரண்டுக்கும் வேலை இராது.

டிராபிக் பற்றியும் ஒரு கேள்வி வரும், தெரியும். முண்ட்வா சௌக்கில் மாலை ஏழு மணிக்குத் தொடை வேகிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் கெட்டுவிடுமா என்று கேட்பீர்கள். ஃபேன் ஓடுகிறவரை கெடாது. கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள், ரேடியேட்டர் இடுக்கில் சேர்ந்த பூச்சியையும் மண்ணையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள், கூலன்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிக்னலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதற்குமேல் வேகிற தொடைக்கு என்னிடம் மருந்து இல்லை.

முடிக்கிறேன். வண்டி வைத்திருப்பவர்கள் இன்றிரவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்து நான்கு தேதி எழுதுங்கள்: டயர் பிறந்த வாரம், பிரேக் ஆயில் மாற்றிய நாள், கூலன்ட் மாற்றிய நாள், பேட்டரி வாங்கிய நாள். தேதி தெரியவில்லையென்றால் காலாவதி ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்காமல், இதே நான்கு தேதிகளை விற்பவரிடம் கேளுங்கள்; பதில் சொல்லத் தெரிந்தவரிடம் முப்பதாயிரம் ஓடிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். பதில் தெரியாதவரிடம் மூவாயிரம் ஓடிய வண்டியை வாங்கினால், நான்கின் செலவையும் விலையில் கழித்துக் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இங்கிருந்து பாராமதி வரை ஒரு கூட்டமாகப் போவதாக நண்பர்கள் சொன்னார்கள். வாருங்கள். அன்றைக்கு யாருடைய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையோ, அவர் ஆறேகால் மணிக்கு எனக்குப் போன் செய்ய வேண்டாம். நான் ஹெல்மெட்டுக்குள் இருப்பேன். பத்து மணிக்குக் கடை திறந்ததும் ஒரு சார்ஜர் வாங்கிக்கொள்ளட்டும்.